கண்ணாடியில் செய்த கோட்டைக் கதவு

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கையின் கணவர் வந்து, உட்காராமலேயே, என்னை ஒரு கேள்வி கேட்டார். வாயால் பதில் சொல்ல வரவில்லை. எழுதிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பிழை இருந்தால் அச்சுக்காரர் திருத்தட்டும், அவருக்குச் சம்பளம் எதற்கு?

முதல் வரி இப்படி வந்தது:

அந்த மாளிகையின் வாயிலில் மணிகள் முழங்க, மாவீரனான

அடித்துவிட்டேன். எந்த மாளிகை? நான் நாடகங்களுக்குச் செட் போடும் தச்சன். எனக்கு மாளிகை என்றால் முன்னால் ஒட்டுப்பலகை, பின்னால் முட்டுக்கொடுத்த சட்டம். மறுபடி:

தொலைக்காட்சிக்காரர்கள் எல்லோருமே

இதையும் நிறுத்திவிட்டேன். முடித்திருந்தால் யாரும் அச்சில் போடமாட்டார்கள்.

2

நாடகத்தைச் சொல்லாமல் கதை நகராது. பழைய நாடகம். அரசன் போருக்குப் போகிறான். எதிரி குரல் மாற்றிப் பேசுவதில் கெட்டிக்காரன். அதனால் வாயிற்காவலனிடம் அரசன் சொல்கிறான்: "வெற்றி முரசு கேட்கும்வரை கதவைத் திறக்காதே. என் குரலே கேட்டாலும் திறக்காதே." பிறகு அவனே குத்துப்பட்டுத் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறான். கெஞ்சுகிறான். காவலன் திறக்கவில்லை. அரசன் வெளியே சாகிறான். அப்புறம் முரசு கேட்கிறது.

அந்தக் காவலனாக முப்பது வருஷம் மேடையில் நின்றவர் என் மாப்பிள்ளை, அதே தங்கை கணவர். கதவில் காதை வைத்து அவர் "திறக்க மாட்டேன்" என்று சொல்லும்போது கூட்டத்தில் ஒருவரும் இருமமாட்டார்கள். மற்றபடி அவரை மெச்ச எனக்குக் காரணம் இல்லை. சீட்டாட்டத்தில் திருட்டுத்தனம் பண்ணுவார்.

கதவு நான் செய்தது. இரண்டங்குலக் கனம்.

3

கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, வாயில் சூயிங்கத்தை மென்றுகொண்டு, இயக்குநர் ஒருநாள்

[பொய். அவர் கண்ணாடி போடுவதில்லை. நாற்பது வயது, அமைதியான மனிதர், என்னை ஐயா என்றுதான் கூப்பிட்டார். எனக்குத்தான் அவரைக் கோமாளியாக்கினால் எழுதச் சுலபமாக இருக்கிறது. செய்கிற வேலையே கோமாளி வேலை, வேஷம் தேவையில்லை.]

நாடகத்தைத் தொலைக்காட்சிக்கு எடுக்கிறார்களாம், இந்தக் காலத்து உடுப்பில். அரசன் கம்பெனி முதலாளி. கோட்டை, கண்ணாடிக் கட்டடம். முரசு, போனில் வரும் செய்தி. காவலனுக்கு நீலச் சீருடை. கோட்டு மாட்டினால் அரசன் இந்தக் காலத்துக்கு வந்துவிடுவானாம். எங்கள் தெருவிலும் ஒருவர் தினம் கோட்டு மாட்டுகிறார். பிண வண்டி ஓட்டுகிறார்.

"போன்தான் இருக்கே. முதலாளி ஒரு போன் பண்ணா ஆச்சு?" என்று கேட்டேன்.

"சார்ஜ் தீந்துடுச்சுன்னு வச்சிருக்கோம் ஐயா."

"சார்ஜ் தீந்து ஒரு அரசன் சாவறானா?"

"அரசன் இல்ல ஐயா, முதலாளி."

"முதலாளி செத்தா எவன் அழுவான்?"

சிரித்துவிட்டு அதைக் குறித்துக்கொண்டார். அதையும் வசனமாக்கிவிடுவார், நம்ப முடியாது.

ஆனால் காவலன் வேஷம் மாப்பிள்ளைக்குத்தான் என்றார். அவருக்கு அறுபத்தெட்டு வயது. ஐந்தாவது வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்த யாரும் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்ததில்லை. தங்கை ஒரு சொந்தக்காரர் விடாமல் கூப்பிட்டுச் சொன்னாள். "குளோசப்புல வர்றாராம்ணே! முகம் இந்தச் செவுரு அளவுக்குத் தெரியுமாம்!"

"செவுரு பயந்துக்கப் போவுது" என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

4

படப்பிடிப்பு. நான் போட்ட சட்டத்தில் முழுக் கண்ணாடிக் கதவு. வெளியே முதலாளி விழுந்து, கண்ணாடியில் கையால் அடிக்கிறார், சட்டையெல்லாம் சிவப்பு. உள்ளே மாப்பிள்ளை நிற்கிறார். "திறக்க மாட்டேன்" என்று சொல்ல வேண்டும்.

திறந்துவிட்டார்.

மறுபடி எடுத்தார்கள். மறுபடி திறந்தார். நாலு தடவை.

"ஐயா, திறக்கக் கூடாது."

"எதிர்லயே கெடந்து துடிக்கறாரு தம்பி. முகம் தெரியுது. பாத்துக்கிட்டே எப்படி நிக்கறது?"

"முப்பது வருஷமா மேடையில திறக்காமதான நின்னீங்க?"

"அது மரக்கதவு. அந்தப் பக்கம் நிக்கறது ராஜாவா எதிரியான்னு எனக்குத் தெரியாது. தெரியாமதான் திறக்கல. இங்கதான் தெரியுதே! தெரிஞ்சும் திறக்கலைன்னா நான் காவல்காரனா, கொலைகாரனா?"

நாற்பது பேர் இருந்த இடத்தில் நாடகம் புரிந்தவர் அவர் ஒருவர்தான்.*

இயக்குநர் என்னிடம் தனியாக வந்தார். "சாப்பாடு முடிஞ்சதும் ஒரே டேக். அப்பவும் திறந்தா வேற ஆளப் போட்டுருவேன் ஐயா. நீங்களே பக்குவமா சொல்லிடுங்க." அந்தப் பக்கம் ஏற்கெனவே நீலச் சட்டை ஒன்றை இன்னொருவர் தோளில் வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையும் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, குனிந்து சாப்பிட்டார்.

* எனக்கும் புரிந்தது. என்னை யார் கேட்டார்கள்?

5

இங்கே என் கை நடுங்கியது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். நடுங்கவில்லை. எல்லோரும் சாப்பிடும்போது திருப்புளியை எடுத்துப்போய், கதவின் அடிச்சட்டத்தை நிலையோடு சேர்த்து ஒரு திருகாணி ஏற்றினேன். அரை நிமிஷ வேலை. அவரிடம் சொல்லவில்லை.

டேக். முதலாளி விழுந்தார். மாப்பிள்ளை கதவை இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார், உதைத்தார், கண்ணாடியில் முகத்தை அழுத்திக்கொண்டு கத்தினார்: "வரமாட்டேங்குதே! யாராவது வாங்களேன்!" வசனத்தில் இல்லாதது. அவர் மூக்கில் நீர் வழிந்தது. காமிராக்காரர் நிறுத்தவில்லை.

முடிந்ததும் செத்துக் கிடந்த முதலாளி எழுந்து கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். நான் தட்டவில்லை. கூட்டம் கலையட்டும், திருகாணியைக் கழற்ற வேண்டும் என்று நின்றுகொண்டிருந்தேன்.

6

ஒளிபரப்பானது. பத்திரிகையில் ஒருவர் எழுதினார்: "திறக்க நினைத்தும் திறக்க முடியாமல் தவிப்பவனே இன்றைய மனிதன், பழைய நாடகத்துக்குக் கிடைத்த புதிய ஆழம் இது." அவருடைய ஆழத்தின் நீளம் இரண்டங்குலம், சப்பைத் தலை, கடையில் டஜன் கணக்கில் கிடைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்தார்.

"மச்சான், அன்னிக்கு நான் நடிக்கல. நெஜமாவே கதவு வரல. பயந்துட்டேன்."

"அதுக்கென்ன இப்ப?"

"இன்னொரு பழைய நாடகத்த எடுக்கறாங்க. வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. அதே மாதிரி பண்ணணுமாம். எப்படிப் பண்ணேன்னு எனக்கே தெரியலையே! கதவு தானா பிடிச்சுக்கிச்சா, இல்ல நீங்க ஏதாச்சும் பண்ணீங்களா? சொல்லுங்க."

"புதன்கிழமை வாங்க, சொல்றேன்" என்றேன். அவர் நின்றபடியே திரும்பிப் போனார்.

7

நாளை புதன். மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"ஆமா, நான்தான்." சொன்னால் அவர் வியாழக்கிழமை போகமாட்டார். எனக்குத் தெரியும், அவர் சீட்டில்தான் பொய், வேஷத்தில் இல்லை. தங்கை என் வாசல் மிதிக்கமாட்டாள்.

"கதவு தானா பிடிச்சுக்கிச்சு." நான் செய்த கதவு எதுவும் இதுவரை பிடித்ததில்லை. இதை என் வாயாலேயே சொல்லிவிட்டு மறுநாள் உளியைத் தொடுவது எப்படி?

"கதவு நல்லாத்தான் இருந்துச்சு மாப்பிள்ள. நீங்க நடிப்புல மறந்துட்டீங்க." தொலைக்காட்சிக்காரர்கள் இதைத்தான் எடுப்பார்கள், பின்னால் வயலின் வைத்து. அவரும் நம்பிவிடுவார். நம்பிப் போய், அங்கே நாற்பது பேர் முன்னால் வெறுங்கையோடு நிற்பார்.

இதை நீங்கள் படிக்கும்போது அந்தப் புதன் போயிருக்கும், நான் ஏதோ ஒன்றைச் சொல்லித் தொலைத்திருப்பேன். அது என்ன என்று எழுதப்போவதில்லை. நீங்கள் எல்லாம் படித்தவர்கள். உங்களை நான் நம்பவில்லை, இருந்தாலும் இடம் விடுகிறேன்:

"சொல்லுங்க மச்சான்."

"........................................."

எதை வேண்டுமானாலும் போடுங்கள். உங்களுக்கு என்ன, போட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள். அதைச் சொல்லி முடித்த பிறகு அவர் முகத்துக்கு எதிரே உட்கார்ந்திருக்கப்போகிறவன் நான்.