முன் டயரின் நடுக்கோடு

பழைய பந்தய சைக்கிள்களை வாங்கி விற்கும் அந்த மாடிக் கடையில் விலை மதிப்பிடுவது தங்கையின் வேலை. அவள் பார்த்து முடிக்கும்வரை, கொண்டுவந்தவர் வாயைத் திறக்கக் கூடாது. சொந்த அக்காவும் அக்கா கணவரும் வந்து நின்றபோதும் அந்தக் கண்டிப்பை அவள் தளர்த்தவில்லை.

“மச்சினிக்கு இன்னைக்குத்தான் என் வாயை அடைக்க வாய்ப்பு கிடைச்சிருக்கு,” என்றார் மாமா. ஒரு சைக்கிளைப் படிப்படியாக உருட்டி ஏற்றியதில் அவருக்கு மூச்சு வாங்கியது. இன்னொரு சைக்கிளைத் தோளில் தூக்கி வந்த அக்காவுக்கு வாங்கவில்லை.

முதலாவது சாலைப் பந்தய சைக்கிள். போன வருஷம் ஒரு வளைவில் அதிலிருந்து விழுந்துதான் மாமா காறை எலும்பை முறித்துக்கொண்டார். மற்றது டிரையத்லான் சைக்கிள்; நீந்தி, மிதித்து, ஓடி முடிக்கும் போட்டிக்கென்றே செய்தது. முழங்கைகளை ஊன்றி, முன்னால் குனிந்து படுத்தபடி ஓட்ட வேண்டும். மாமா விழுந்த அன்று, இனி நம்ம வீட்டில் சைக்கிள் பேச்சே எடுக்கக் கூடாது என்று அக்கா ஆஸ்பத்திரியிலேயே கறாராகச் சொல்லிவிட்டாள். ஒரு வருஷம் முனகிவிட்டு, இரண்டையும் விற்க இப்போதுதான் மாமா இறங்கி வந்திருந்தார்.

தங்கை ஒரு நாணயத்தால் சாலை சைக்கிளின் கார்பன் ஃப்ரேமைத் தட்டிக்கொண்டே போனாள். கணீரென்று வந்த சத்தம் பெடலுக்குப் பக்கத்தில் மொத்தென்று அடங்கியது. வெளியே ஒரு கீறல்கூட இல்லை.

“உள்ள விரிசல் விட்டிருக்கு மாமா. இதை இனிமே யாரையும் ஓட்டவிட முடியாது. கியர், பிரேக், சக்கரத்துக்கு மட்டும்தான் விலை.”

மாமாவின் முகம் தொங்கிப்போனது. “அப்ப அதுக்காவது நல்ல விலையா சொல்லு. ரெண்டும் ஒரு வருஷமா பின் ரூம்ல போர்வைக்குள்ள கிடக்கு. நான் அந்தப் பக்கமே போறதில்ல. பார்த்தாலே தோள் வலிக்குது.”

டிரையத்லான் சைக்கிளின் செயினில் அளவுகோலை வைத்ததுமே தங்கை புருவத்தைச் சுருக்கினாள். நன்றாகத் தேய்ந்திருந்தது. மாமா விழுவதற்குச் சற்று முன்புதான் இரண்டு டயர்களையும் அவளே புதிதாக மாட்டிக் கொடுத்திருந்தாள்; பின் டயரின் நடுப்பகுதி மழமழவென்று தட்டையாகியிருந்தது. அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அக்காவை ஏமாற்றிவிட்டு மனுஷன் திருட்டுத்தனமாக ஓட்டியிருக்கிறாரே! நிமிர்ந்து பார்த்தாள். மாமா பச்சைக் குழந்தை மாதிரி நின்றிருந்தார்.

முன் டயருக்கு வந்தாள். தொழிற்சாலை அச்சில் வார்த்தபோது விழுந்த மெல்லிய நடுக்கோடு அப்படியே இருந்தது. அப்படியென்றால் சைக்கிள் வாசலைத் தாண்டவில்லை. பின்சக்கரத்தை உருளையில் ஏற்றி நின்ற இடத்திலேயே மிதிக்கும் ஸ்டாண்டில் ஓடியிருக்கிறது. முழங்கைப் பட்டைகளின் அடியில் திருகாணிகள் உப்புப் பூத்துத் துருவேறியிருந்தன. அறைக்குள் காற்றில் உலராமல் சொட்டிய வியர்வை.

சீட்டுத் தண்டை உருவி எடுத்தாள். ஃப்ரேம் கவ்விப் பிடித்த தடம் இரண்டு. கீழே பழையது, அழுக்கேறியது. நான்கு விரல் மேலே இன்னொன்று, புதிது. தண்டை அவ்வளவு தூரம் உள்ளே இறக்கி, சீட்டைத் தாழ்த்தியிருக்கிறார்கள். மாமாவோ நெடியவர்.

வீட்டிலிருந்தபடி கம்பெனிக் கணக்குப் பார்க்கும் அக்கா, தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொன்னால் அக்காவின் மானம் போகும். சொல்லாவிட்டால் சைக்கிள் போய்விடும். இந்த அளவுக்கு ஓட்டியவளுக்கு அது சின்ன இழப்பாக இருக்காது. தங்கை சிறிது நேரம் துணியால் கையைத் துடைத்தாள். பிறகு தண்டை அக்காவிடம் நீட்டினாள்.

“இதுல ரெண்டு தடம் இருக்கு. எதுல வெச்சு மாட்டட்டும், நீயே சொல்லுக்கா.”

“விக்கிற சைக்கிளுக்கு எதுல மாட்டினா என்ன?” என்றார் மாமா.

அக்கா தண்டை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மேல் தடத்தில் கட்டைவிரலை வைத்தாள். “இதுல.”

மாமா விரலைப் பார்த்தார், அக்காவின் உயரத்தைப் பார்த்தார். “அடிப்பாவி! எப்பலேர்ந்து?”

“உங்க கட்டுப் பிரிச்சதுலேர்ந்து. அப்படி என்னதான் இருக்கு இதுலன்னு ஒரு நாள் ஏறிப் பார்த்தேன். அப்புறம் விட முடியல.”

“அப்ப என்னை அந்தத் திட்டுத் திட்டினது?”

“பயந்து திட்டினேன். அந்தப் பயம் இன்னும் போகல. அதான் ரோட்டுக்கே எடுத்துட்டுப் போகல.”

“விக்கலாம்னதும் தலையாட்டினியே?”

“நானே வேணாம்னு சொல்லிட்டு, நானே வேணும்னு எப்படிங்க கேக்குறது?”

மாமா குனிந்து முன் டயரின் நடுக்கோட்டை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். சிரிப்பாரா கத்துவாரா என்று தங்கைக்குத் தெரியவில்லை.

“பொல்லாத பொம்பள,” என்றார் கடைசியில். “மச்சினி, அந்த உடைஞ்சதை மட்டும் கழட்டிக்கோ. இதை நான் கீழ தூக்கிட்டுப் போறேன்.”

“உங்க தோளு...” என்றாள் அக்கா.

“தெரு வரைக்கும்தானே? அங்கேர்ந்து நீ ஓட்டு. நான் பின்னாலயே நடந்து வரேன். நீ திட்டின மாதிரி நானும் திட்டணும்ல?”

அக்கா சிரித்தாள், கண்ணில் மட்டும் பயம் போகவில்லை. தங்கை தண்டை மேல் தடத்தில் இறுக்கினாள். கொடுப்பதற்கு முன், ஒரு வருஷமாக யாருக்கும் தேவைப்படாமலிருந்த முன் பிரேக்கை இரண்டு முறை அழுத்திப் பார்த்துக்கொண்டாள்.