மிஷேல் ஹோகன் வந்திறங்கிய வருசம்

தேவதாசனும் டெனி ஹோகனும் மொன்றியலுக்குப் பக்கத்தில் புவாண்ட்-கிளேரில் ஒரே வெயர்ஹவுஸில் பதினெட்டு வருசமாக வேலை செய்கிறவர்கள். மத்தியானச் சாப்பாடும் ஒரே மேசையில்தான். ஹோகன் என்பது அயர்லாந்துப் பெயர். ஆனால் டெனிக்குப் பிரெஞ்சைத் தவிர வேறு பாசை ஒழுங்காக வராது. "அதென்னண்டு?" என்று தேவதாசன் ஒருநாள் கேட்கப்போய்த்தான் அந்தக் கதை வெளியே வந்தது.

1847. அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகி, பஞ்சம் உச்சத்தில் இருந்த காலம். கப்பல் கப்பலாக மொன்றியலுக்கு வந்த சனத்தில் ஆறாயிரம் பேர்வரை ஆற்றங்கரைக் கொட்டில்களில் காய்ச்சல் கண்டு செத்துப்போனார்கள். டெனியின் பாட்டனுக்குப் பாட்டன் மிஷேலுக்கு அப்போது ஐந்து வயது. தாய் தகப்பன் இரண்டு பேரும் போய்விட, ஒரு பிரெஞ்சுக் கமக்காரக் குடும்பம் அவனை எடுத்து வளர்த்தது. ஹோகன் என்ற பெயரை மட்டும் அவர்கள் மாற்றவில்லை.

செத்தவர்களைப் புதைத்த இடத்தில், பாலத்துக்குக் கிட்ட, பெரிய கறுப்புக்கல் ஒன்று நிற்கிறது. மே மாதக் கடைசி ஞாயிறு அயர்லாந்து வழிவந்தவர்கள் அங்கே ஊர்வலம் போவார்கள். இந்த வருசம் மிஷேலின் கதையை வாசிக்கச் சொல்லி டெனியைக் கேட்டிருந்தார்கள்.

"எனக்குப் பயமாயிருக்கு, தேவா. நீயும் வந்து நில்."

"வாறன். றெஜினாவும் வருவா."

அன்று டெனி நன்றாகத்தான் தொடங்கினான். தாயின் கட்டிலை விட்டு இறங்கமாட்டேன் என்று பிள்ளை அடம்பிடித்த வரி வந்ததும் வாசிப்பு நின்றுவிட்டது. பின்னால் லொறிகள் இரைந்துகொண்டு போயின.

"போங்கோவன்," என்று றெஜினா புருசனை முழங்கையால் இடித்தாள்.

தேவதாசன் போய் டெனியின் முதுகில் கையை வைத்து, கடதாசியை வாங்கி, விட்ட இடத்திலிருந்து வாசித்தான். பதினொரு வயதில் சண்டைக்குத் தப்பி மன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு வள்ளத்தில் போனபோது அம்மாவின் சேலைத் தலைப்பை விடாமல் பிடித்திருந்தவன் அவன். அந்த வரியை அவன் மெதுவாகத்தான் வாசித்தான். ஆனாலும் நிற்கவில்லை. கடைசியில் இருந்த பெயரை மட்டும் வாசிக்காமல் கடதாசியை நீட்டினான்.

"மிஷேல் ஹோகன்," என்றான் டெனி, எல்லோருக்கும் கேட்க.

பிறகு தேவாலய மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது, பச்சைத் தொப்பி போட்ட ஒரு வயதான அம்மா வந்து தேவதாசனின் கையைப் பிடித்துக்கொண்டார். பார்வை மங்கின மனுசி.

"வடிவா வாசிச்சீர். சொந்த இடம் எது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"மன்னார்."

"மன்னார்... வடக்குப் பக்கமோ?"

"ஓம், வடக்குத்தான்."

"நினைச்சனான்! வட அயர்லாந்து ஆக்களின்ர பேச்சே தனி," என்று சொல்லி, அவனுடைய தட்டில் பெரிய கேக் துண்டொன்றை வைத்துவிட்டுப் போனார்.

டெனி சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி சேட்டெல்லாம் சிந்தியது.

"பாவம் அந்த மனுசி. உண்மையைச் சொல்லியிருக்கலாமே," என்றாள் றெஜினா.

"நான் என்ன பொய்யே சொன்னனான்?" என்று கேட்டபடி தேவதாசன் கேக்கை மூன்றாகப் பிய்த்தான்.