இறங்கியதாக எழுதப்பட்ட விமானம்

1942 மே பதினான்காம் தேதி விடியற்காலை நாலு ஐம்பத்திரண்டுக்கு, லிங்கன்ஷயரில் ஸ்கெல்பி விமானதளத்தின் ஓடுபாதைக்கு நாற்பது அடி மேலே ஒரு வெல்லிங்டன் குண்டுவீச்சு விமானம் அப்படியே நின்றுபோய், இரண்டு வருடமும் இரண்டு மாதமும் அங்கேயே நின்றது. இரண்டு எஞ்சின்களும் ஓடிக்கொண்டிருந்தன. உள்ளே ஐந்து பேர் இருந்தார்கள். அன்று காற்று தென்மேற்கிலிருந்து வீசியது, லேசான தூறல்.

காரணம் எளிமையானது. கட்டுப்பாட்டு அறையில் சுவர் அகலத்துக்கு ஒரு கரும்பலகை இருந்தது. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு வரி: அதன் எழுத்து, விமானி பெயர், கிளம்பிய நேரம், தாக்க வேண்டிய இடம், இறங்கிய நேரம். கடைசிக் கட்டம் நிரம்பினால் விமானம் வந்துவிட்டது. எரிபொருள் தீர்ந்திருக்க வேண்டிய நேரம் வரை நிரம்பாவிட்டால் 'காணவில்லை' என்று எழுதி, தாய்மார்களுக்குத் தந்தி அடிப்பார்கள். பலகையை எழுதுவது பெண்கள் பிரிவைச் சேர்ந்த மேவிஸ் ஸ்ராப்பின் வேலை. அன்று பதினான்கு விமானங்கள் இறங்கிவிட்டன. பதினைந்தாவதான 'ஜே', ஓடுபாதையை நோக்கித் தாழ்ந்து வந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துத் தேநீர் வண்டி வந்தது. ஒன்பது மணிநேரமாக நின்றுகொண்டிருந்த மேவிஸ், வண்டி நகர்ந்துவிட்டால் ஆறு மணி வரை தேநீர் இல்லை என்பதை அறிந்தவள். மூன்று நிமிடம் முன்கூட்டியே 4.52 என்று எழுதிவிட்டுக் குவளையை வாங்கப் போனாள். விமானம் சரியாக 4.52க்கு நாற்பது அடிக்கு வந்தது. ஏற்கெனவே இறங்கிவிட்ட ஒன்று மறுபடி எப்படி இறங்கும்? நின்றுவிட்டது.

எரிபொருள் எப்படித் தீராமல் இருந்தது என்று கேட்பவர்கள் உண்டு. கிளம்பியதிலிருந்து இறங்கும்வரைதான் எரிபொருள் கணக்கு. இறங்கிய நேரம் எழுதியாயிற்று, ஆகவே முள் அங்கேயே நின்றது. அன்றைய தாக்குதலில் குண்டடிபட்ட விமானத்தின் உடம்பு எப்படித் தாங்கியது என்றால், அது வெல்லிங்டனின் கட்டமைப்பு. அலுமினியப் பட்டைகளைக் கூடை முடைவதுபோல் குறுக்கும் மறுக்கும் பின்னி, மேலே லினன் துணி தைத்துப் பசைப்பூச்சு அடிப்பார்கள். காயக் காயத் துணி சுருங்கி மேளத்தோல்போல் இறுகும். நாலு பட்டை அறுந்தால் அவற்றின் பாரத்தைப் பக்கத்துப் பட்டைகள் வாங்கிக்கொள்ளும். மேலதிகாரிகளிடம் இந்த ஏற்பாடு இல்லை.

தளபதி ஹார்கோர்ட் பைன் 4.53க்கே தலைமையகத்துக்குத் தொலைபேசியில் பேசிவிட்டார்: பதினைந்தும் பத்திரமாகத் திரும்பின. அந்த மாதம் எந்தத் தளத்துக்கும் கிடைக்காத பெருமை அது. பாராட்டுக் கடிதம் மறுநாளே வந்தது. திரும்பி வரும் விமானிகளுக்கு மட்டுமே தரும் முட்டைகளில் ஐந்தைத் துணைத் தளபதி தின்றார். பலகைப்படி அந்த ஐவரும் சாப்பிட்டு முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

தீயணைப்பு ஏணியைத் தூக்கினார்கள். ஏணி உயர்ந்த அளவுக்கு விமானமும் உயர்ந்தது. உள்ளிருந்து கயிற்றைப் பிடித்துச் சறுக்கியவர்கள் கை தேயச் சறுக்கியும் ஓர் அங்குலம்கூடக் கீழே வரவில்லை. உணவும் தேநீரும் கூடையில் மேலே போயின. உள்ளே போன குவளை எதுவும் திரும்பவில்லை. மற்ற விமானங்கள் அதைச் சுற்றிக்கொண்டு இறங்கப் பழகின. பின்பக்கக் கண்ணாடிக் கூண்டில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தவன் ரெஜ் பிக்கர்ஸ். ஜூன் மாதம் மேவிஸை மணப்பதாக இருந்தவன்.

"ஏய் மேவிஸ்! அந்த டீயாவது சூடா இருந்துச்சா?" என்று முதல் நாளே கத்தினான்.

"இல்லடா. ஆறிப்போச்சு."

"நல்லா வேணும் உனக்கு!"

அவள் அழுதபடியே சிரித்தாள். பிறகு தளபதியிடம் போனாள்.

"சார், தப்பு என்னோடதுதான். அவங்க இன்னும் இறங்கலை. ஜன்னல் வழியா பாருங்க, தெரியும்."

"மேல பாக்குறது என் வேலை இல்லம்மா. பலகை என்ன சொல்லுது?"

"இறங்கிட்டாங்கன்னு சொல்லுது சார்."

"அப்புறம் என்ன? போய் வேலையப் பாரு."

நவம்பரில் அவளே ஈரத்துணியால் அந்த நேரத்தை அழித்தாள். ஆனால் அழித்ததும் விதி தன் வேலையைத் தொடங்கியது: இறங்கிய நேரம் இல்லை, எரிபொருள் நேரம் ஆறு மாதம் முன்பே முடிந்தது, ஆகவே காணவில்லை. முதலில் துணி மங்கியது. பின்னல் வழியாக மேகம் தெரிந்தது. "மேவிஸ், என் கை எனக்கே தெரியலடி!" என்ற ரெஜ்ஜின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. அவள் ஓடிப்போய் 4.52 என்று மறுபடி எழுதினாள். விமானம் திடமானது. பலகையைத் தொட்ட குற்றத்துக்காக அவளைச் சமையற்கூடத்துக்கு மாற்றினார்கள்.

ஒன்றரை வருடம் உருளைக்கிழங்கு உரித்தாள். யோசிப்பதற்கு அதைவிட நல்ல வேலை கிடையாது. இறங்கிய விமானத்தை இறக்க முடியாது. ஆனால் இறங்கிய விமானம் மறுபடி கிளம்பலாம், கிளம்பியது இறங்கலாம். இந்த முடிவுக்கு அவள் வந்தபோது ஸ்கெல்பிக்கு நாலு எஞ்சின் விமானங்கள் வந்துவிட்டன. வெல்லிங்டன்களை வேறெங்கோ அனுப்பிவிட்டார்கள், மேலே நின்ற ஒன்றைத் தவிர. 1944 ஜூலையில் பலகை எழுதும் பெண்ணுக்கு அம்மை கண்டது. வேறு ஆள் இல்லாமல் மேவிஸைக் கூப்பிட்டார்கள். உச்சிவெயிலில், எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம், 'ஜே' என்று புது வரி எழுதினாள். கிளம்பிய நேரம், 1.10. தாக்க வேண்டிய இடம் என்ற கட்டத்தைக் காலியாக விட விதியில் இடமில்லை. சற்று யோசித்து, 'தளபதி அலுவலகம்' என்று எழுதினாள்.

விமானம் குலுங்கி நகர்ந்தது. ஊரை ஒருமுறை வட்டமடித்தது. குண்டுகள் இரண்டு வருடம் முன்பே தீர்ந்திருந்தன; ஆனால் இலக்கு இலக்குதான். அலுவலகத்துக்கு நேர் மேலே வயிற்றுக் கதவுகள் திறந்தன. ஐவரும் இரண்டு வருடமாகக் குடித்துச் சேர்த்திருந்த மூவாயிரத்துச் சொச்சம் தகரக் குவளைகள் ஓட்டுக்கூரை மேலும் ரோஜாச் செடிகள் மேலும் கொட்டின. தளபதி மேசைக்கு அடியில் போனார். அன்றுதான் அவர் முதன்முறையாக மேலே பார்த்தார் என்று எழுத்தர்கள் சொல்கிறார்கள். தேநீர் வண்டி வந்து, நின்று, போயிற்று. மேவிஸ் அசையவில்லை. முன்சக்கரங்கள் இரண்டும் தரையைத் தொட்டு, வால்சக்கரமும் தொட்டு, விமானம் ஓடி நின்ற பிறகே 1.31 என்று எழுதினாள்.

இறங்கி வந்தவர்களைக் கட்டிப்பிடிக்கக்கூட நேரம் தரவில்லை; காவலர்கள் சூழ்ந்துகொண்டார்கள். 1942 மே மாதமே இறங்கிவிட்ட ஐவரும், விடுப்பு எழுதாமல் இரண்டு வருடம் இரண்டு மாதம் வேலைக்கு வரவில்லை என்பது குற்றச்சாட்டு.

"எங்கடா இருந்தே இத்தனை நாளா?" என்றார் தளபதி.

"உங்க தலைக்கு மேலதான் சார்," என்றான் ரெஜ்.

"அதுக்கு அனுமதிச் சீட்டு இருக்கா?"

இல்லை. ஆளுக்கு இருபத்தெட்டு நாள் சிறை. மேவிஸுக்கு மறுபடி உருளைக்கிழங்கு. தளபதிக்கு இன்னொரு பாராட்டு: அந்தக் காலாண்டில் உத்தரவு கொடுத்து அனுப்பியதைவிட அதிக விமானங்கள் திரும்பிய ஒரே தளம் ஸ்கெல்பி.

செப்டம்பரில் திருமணம் நடந்தது. புகைப்படத்தில் ரெஜ்ஜின் காலணிகளுக்கும் தேவாலயப் படிக்கும் இடையில் நாலு விரல் இடைவெளி தெரிகிறது. இரண்டு வருடப் பழக்கம் உடம்பை விட்டு லேசில் போகாது என்றார் மருத்துவர். படத்தில் மேவிஸின் கை அவன் தோளில் இருக்கிறது. அன்பினால் என்று பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள், அதுவும்தான். ஆனால் விரல்களை உற்றுப் பார்த்தால் தெரியும், அவள் நன்றாக அழுத்திக்கொண்டிருக்கிறாள். நாற்பத்தோரு வருடம் அப்படியே அழுத்தினாள். கடைக்குப் போகும்போது கை மாற்றிக்கொள்வாள்.