செல்லத்தின் பேரில் எடுத்த ரத்தம்

"பாவாடையக் கழட்டி வையி. புள்ள அங்க போவாது" என்றார் மாயாண்டி கங்காணி.

மகள் செல்லத்துக்குச் சடை பின்னிக்கொண்டிருந்த பஞ்சாலையின் கை அப்படியே நின்றுவிட்டது. மருமகளாக வந்த நாளிலிருந்து மாமனாரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியறியாதவள் அவள். ஆனால் அந்த மலாயா ரப்பர் தோட்டத்துச் சின்னப் பிள்ளைகள் எல்லாருக்கும் ரத்தம் எடுக்க வேண்டும் என்பது துரையின் உத்தரவு. கோலா கிளாவாங் போகிற வழியில், மலைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தில், ஓடியாடிய பிள்ளைகள் இளம்பிள்ளை வாதம் வந்து கால் சூம்பிக் கிடந்தன. அந்த நோயைத் தாங்கும் சக்தி எந்தப் பிள்ளையின் ரத்தத்தில் இருக்கிறது, எதில் இல்லை என்று சோதித்துப் பார்த்து, இல்லாத பிள்ளைக்குத் தடுப்பூசி போடப் போகிறார்களாம். மருந்து கொஞ்சம்தான் வந்திருக்கிறது. அதனால்தான் இந்தச் சோதனை.

துரை கேட்டால் என்ன சொல்வது என்று மெதுவாகக் கேட்டாள். கங்காணி அதற்கெல்லாம் வழி வைத்திருந்தார்.

ரத்தம் எடுப்பது ஆயாக்கொட்டகையில். வேலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. தாழ்ந்த சாதியென்று ஒதுக்கப்பட்டவர்கள் குடியிருந்த கீழ் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள்தான் அங்கே உருண்டு புரண்டு வளர்ந்தன. அந்தப் பிள்ளைகளைக் குத்திய ஊசியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, அதே ஊசியால்தான் மற்றப் பிள்ளைகளையும் குத்துவார்கள் என்று தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் சொல்லியிருந்தார். வெந்நீரில் கிருமி சாகும், சாதி சாகுமா? கங்காணியின் கவலை அதுதான்.

அவருக்கு இந்தக் கவலை அவசரகாலத்தோடு வந்தது. துப்பாக்கியோடு காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாதென்று சர்க்கார் லயங்களையெல்லாம் ஒரே முள்வேலிக்குள் கொண்டுவந்து அடைத்துவிட்டது. முன்பு மேல் லயத்தையும் கீழ் லயத்தையும் ஓர் ஓடை பிரித்துவைத்திருந்தது. இப்போது ஓடை வேலிக்கு வெளியே. கங்காணி சும்மா இருப்பாரா? வேலிக்குள்ளேயே மூங்கிலில் இன்னொரு வேலி கட்டினார். தன் வீட்டுக்கென்று தனிக் குழாய் போட்டுக்கொண்டார். துப்பாக்கிக்காரர்களுக்குப் பயந்ததைவிட அவர் கீழ் லயத்துத் தண்ணீருக்குப் பயந்ததுதான் அதிகம்.

செல்லத்தின் வயதில் கீழ் லயத்து முத்தாயிக்கு ராக்கம்மா என்று ஒரு பெண் இருந்தாள். அவளை இரண்டு தடவை உட்கார வைப்பது, ஒரு தடவை சொந்தப் பேரில், இன்னொரு தடவை செல்லத்தின் பேரில். அதுதான் கங்காணி கண்ட வழி. முத்தாயிக்கு ஒரு டின் கெட்டிப்பால் போய்ச் சேர்ந்தது. கங்காணி சொன்னால் மறுக்கிற நிலையிலா அவள் இருந்தாள்?

பஞ்சாலை மூங்கில் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். முணுமுணுத்துக்கொண்டேயானாலும் மேல் லயத்து மற்றப் பெண்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். ராக்கம்மா ஒரு முறை அழுது ஓய்ந்து, வாயில் விரல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "செல்லம், தகப்பன் பேர் தங்கராஜு" என்று கூப்பிட்டதும் முத்தாயி அவளை மறுபடி தூக்கிக்கொண்டு போனாள். டிரெசர் அமிர்தலிங்கம் அந்தப் பிள்ளையையும் பார்த்தார், வேலியோரம் நின்ற கங்காணியையும் பார்த்தார். பிறகு ரப்பர் குழாயை மற்றக் கையில் கட்டினார். வெளியிலிருந்து வந்திருந்த சீன டாக்டரம்மாவுக்குப் பிள்ளைகளின் முகம் தெரியாது. ராக்கம்மா வீறிட்டு அழுதபோது பஞ்சாலை காதைப் பொத்திக்கொண்டாள். தன் பிள்ளை வலியில்லாமல் தப்பித்தது என்று ஒரு கணம் நிம்மதியும் பட்டாள், பாவி.

சில வாரம் கழித்து டாக்டரம்மா தடுப்பூசியோடு வந்தார். கீழ் லயத்துப் பிள்ளைகளில் அநேகமாக எல்லாருக்கும் ரத்தத்தில் சக்தி இருந்தது. அது எப்படி என்று டிரெசர் தமிழில் விளக்கினார். ஒன்றாகப் புழங்கி, ஒரே தண்ணீரில் அளைகிற பிள்ளைகளுக்கு அந்தக் கிருமி வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல் போய்விடுமாம். போகும்போது சக்தியைக் கொடுத்துவிட்டுப் போகுமாம். அதற்காகக் கிருமியை யாரும் நம்பிவிடக் கூடாது, எந்தப் பிள்ளையை விடும், எதன் காலைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது என்றும் சொன்னார். ஒதுக்கி வளர்த்த பிள்ளைகளுக்குத்தான் சக்தி இல்லை. மேல் லயத்துப் பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு ஊசி போட்டார்கள். செல்லத்தின் பேர் வரவில்லை.

"கங்காணி வீட்டுப் பிள்ளைக்குத் தேவையில்லை. நல்ல வடிவாச் சக்தி இருக்குது" என்றார் அமிர்தலிங்கம், எவர் முகத்தையும் பார்க்காமல்.

கங்காணி மீசையைத் தடவிக்கொண்டார். "எங்க வம்சத்து ரத்தம் அப்படிலா" என்றார் பக்கத்தில் நின்றவர்களிடம். யாருடைய ரத்தம் என்று தெரிந்த முத்தாயி தலையைக் குனிந்துகொண்டாள்.

பஞ்சாலை புருஷனைத் தேடி ஓடினாள். தங்கராஜு சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். டாக்டரம்மா இன்னும் போகவில்லை, மருந்தும் மிச்சம் இருக்கிறது, உண்மையைச் சொல்லி நம் பிள்ளைக்கும் போட்டுவிடலாம் என்று கெஞ்சினாள்.

"அப்பா மூஞ்சில கரியப் பூசச் சொல்றியா? அடுத்த வாட்டி வராமலா போயிருவாங்க, பாத்துக்கலாம்லா" என்றான் அவன்.

அவளே போய்ச் சொல்லியிருக்கலாம். கொட்டகை கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அந்த வீட்டில் பெண்பிள்ளையின் வாய் சோறு தின்பதற்கு மட்டும்தான் என்று பழக்கியிருந்தார்கள். நின்றபடியே நின்றாள். மிச்ச மருந்தோடு லோரி கேட்டைத் தாண்டிப் போயிற்று.

மழைக்காலம் தொடங்கியபோது செல்லத்துக்குக் காய்ச்சல் கண்டது. கங்காணி வேப்பிலை கட்டச் சொன்னார். காய்ச்சல் விட்ட காலையில் பிள்ளை பாயிலிருந்து எழுந்து, எழுந்த வேகத்தில் சரிந்தாள். விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்கவும் சிரித்தாள். பஞ்சாலை தூக்கி நிறுத்தினாள். இடது கால் பழந்துணி மாதிரி தொங்கியது. அன்று அவள் போட்ட சத்தத்தை முள்வேலிக்கு வெளியே காவலுக்கு நின்றவர்கள்கூடக் கேட்டார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தும் கால் திரும்பவில்லை. காலுக்கு இரும்புக் கம்பியும் தோல்வாரும் கட்டி அனுப்பினார்கள். டாக்டரம்மா மறுபடி தோட்டத்துக்கு வந்தார், முகத்தில் ஈயாடவில்லை. சக்தி இருக்கிறது என்று தெரிந்த பிள்ளையே விழுந்துவிட்டதென்றால் சோதனை தப்பு. சோதனை தப்பென்றால் ஊசி போடாமல் விட்ட பிள்ளைகள் அத்தனைக்கும் ஆபத்து. அதைக் கேட்டுக் கீழ் லயத்துத் தாய்மார் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு கொட்டகையில் திரண்டுவிட்டார்கள். மேல் லயத்தாரும் வந்திருந்தார்கள். கங்காணி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

பஞ்சாலை வாசலில் நின்றபடியே பேசினாள். "ஐயா, டாக்டர்கிட்ட சொல்லுங்க. அது எம்புள்ள ரத்தம் இல்ல."

 டாக்டரம்மா அமிர்தலிங்கத்தின் முகத்தைப் பார்த்தார். அவர் மேசைமேல் இருந்த பதிவுப் புத்தகத்தைப் புரட்டினார்.

"நீங்க சொல்லலன்னா நானே எனக்குத் தெரிஞ்ச மலாயில சொல்லுவேன். அன்னிக்கு எம்புள்ள பேர்ல முத்தாயி மகள ரெண்டாந்தரம் குத்துனீங்க. உங்களுக்கும் தெரியும். எனக்கும் தெரியும், நானும் வாய மூடிக்கிட்டு நின்னேன்."

டிரெசர் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை தரையைத்தான் பார்த்தார்.  டாக்டரம்மா அதைக் கேட்டு, சோதனை தப்பில்லை, கீழ் லயத்துப் பிள்ளைகளுக்குப் பயமில்லை என்றார். கூட்டம் மூச்சு விட்டது.

கங்காணி எழுந்தார். கோபத்தில் உதடு துடித்தது. "அந்தச் சாதி ரத்தத்த எம்பேத்தி பேர்ல வச்சா வெளங்குமா? அந்தத் தீட்டுதான் புள்ள கால்ல எறங்கிருச்சு" என்றார். வைத்தது யார் என்று அவரிடம் கேட்க அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் துணிவில்லை. மேல் லயத்து ஆண்களில் இரண்டு மூன்று பேர் ஆமாம் என்பதுபோலத் தலையாட்டவும் செய்தார்கள்.

மறுநாள் பெரட்டில் ஆள் கணக்கு எடுத்து முடிந்து, ஆட்கள் பால் வெட்ட ரப்பர் காட்டுக்குப் போன பிறகு, பஞ்சாலை செல்லத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு மூங்கில் வேலியைத் தாண்டினாள். ஆயாக்கொட்டகையைக் கூட்டிக்கொண்டிருந்த முத்தாயி துடைப்பத்தைப் போட்டுவிட்டு எழுந்து நின்றாள்.

"கங்காணி பாத்தா எங்கள உரிச்சிருவாரும்மா" என்றாள்.

"அவருகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன், அக்கா. இனிமே இவ இங்கதான் வளருவா."

அக்கா என்ற சொல்லைக் கேட்டு முத்தாயி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். அப்புறம் பிள்ளையை வாங்கக் கையை நீட்டினாள். ஓடத் தெரிந்திருந்த காலமெல்லாம் செல்லம் அந்தக் கொட்டகைக்கு ஓடிவரத்தான் அழுதாள், யாரும் விடவில்லை. இப்போது விட்டார்கள், ஆனால் யாராவது தூக்கிக்கொண்டு வர வேண்டியிருந்தது.