போரோக்காவோடு போன படகு

“கரையை ஒட்டிப் போகணும்னுதானே சட்டம்? ஒட்டிட்டேன்!” என்று சிரித்தான் லோரான்ட்.

அவன் மனைவி கிங்கா சிரிக்கவில்லை. படகின் அடியிலுள்ள இரும்புத் தகடு மணலில் புதைந்திருந்தது. ஃபொன்யோத் கரையில் புயல் விளக்கு நிதானமாக மின்னிக்கொண்டிருந்தது. முதல் எச்சரிக்கை: கரையை ஒட்டியே போக வேண்டும். நிதானம் போய்ப் படபடவென்று மின்னினால் இரண்டாவது. அதன்பிறகு பாலட்டோன் ஏரியில் ஒரு படகும் இருக்கக் கூடாது.

“கேப்டன் சார், ஏரியை விட்டுட்டுச் சாலையில ஓட்டப் போறீங்களா?” படகின் உள்ளறையிலிருந்து குரல் வந்தது. கிங்காவின் தங்கை போரோக்கா. தொடைவரை மாவுக்கட்டு போட்ட காலைத் தலையணைமேல் நீட்டி உட்கார்ந்திருந்தாள். ‘வீட்டிலேயே கிடந்தால் பைத்தியம் பிடிக்கும், வா’ என்று அவளை இழுத்து வந்தவள் கிங்காதான்.

“உன் கட்டோட கனம்தான் தரை தட்டிச்சு,” என்றான் லோரான்ட். பெட்ரோல் மோட்டாருக்கு இந்த ஏரியில் தடை. மின்மோட்டாரின் பேட்டரி மதியமே உயிரை விட்டிருந்தது. அவன் சட்டையைக் கழற்றித் தண்ணீரில் குதித்தான். இடுப்பளவு ஆழம்.

தென்கரையில் எல்லோரும் செய்வதுதான் அது. தரை தட்டினால் இறங்கித் தள்ளுவார்கள். ஆனால் ஒருவர் சுக்கானில் இருப்பார். எப்போதும் ஒருவர் இருப்பார்.

லோரான்ட் தள்ளினான். படகு அசையவில்லை.

“கிங்கா, நீயும் இறங்கு. என்ன, முடி நனைஞ்சிடுமா?”

கிங்கா சுக்கானைப் பார்த்தாள். பெரிய பாய் ஏற்றியபடியே இருந்தது. அதன் கயிறு தளர்ந்திருந்ததால் சும்மா படபடத்தது. ஒரு நிமிட வேலைதானே!

குதித்தாள்.

இரண்டு பேர் கனம் குறைந்ததும் படகு மெல்ல மேலெழுந்தது. இருவரும் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். சர்ரென்று மணல் உரசும் சத்தம். படகின் மூக்கு திரும்பியது. முதுகுப் பக்கமிருந்து வீசிய வெதுவெதுப்பான தெற்குக் காற்று பாயை நிரப்பியது.

“பிடி!”

லோரான்டின் விரல்கள் பின்விளிம்பைத் தொட்டு வழுக்கின. நான்கு எட்டு பாய்ந்தான், நீந்தினான், பயனில்லை. படகு நடு ஏரியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அதில் இருந்தது போரோக்கா மட்டும்.

அப்போதுதான் கிங்கா வடக்கே பார்த்தாள். எதிர்க்கரையில் பாடச்சோன் மலைக்குப் பின்னால் வானம் கறுத்திருந்தது. கரையில் விளக்கு படபடவென்று மின்னத் தொடங்கியது.

வடமேற்கிலிருந்து புயல் வரும்போது அந்தப் பாய் மேலேயே இருந்தால் படகு கவிழும். கவிழ்ந்தால், அந்த மாவுக்கட்டோடு போரோக்கா நீந்த முடியாது.

உள்ளறை வாசலில் அவள் தலை தெரிந்தது. வாய் அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் இங்கிருந்து கத்தினால் காற்று அதை அவளிடம் கொண்டுபோகும்.

“சுக்கானை வலது பக்கம் தள்ளு! பாய்க்கயிறை இழு! திருப்பு!” என்று அலறினான் லோரான்ட்.

“வேண்டாம்! பாயை இறக்கு!” என்று கத்தினாள் கிங்கா.

“திருப்பு! குனிஞ்சுக்கோ!”

போரோக்கா ஒரு கையைச் சுக்கானுக்கு நீட்டினாள், எடுத்தாள், கயிற்றைத் தொட்டாள், விட்டாள்.

கிங்கா பாய்ந்து போய்த் தன் கணவனின் வாயை உள்ளங்கையால் அறைந்து பொத்தினாள்.

“திருப்பினா பாயோட அடியில இருக்கிற மரக்கட்டை சுத்தி வந்து அவ மண்டையை உடைக்கும். அவளால சட்டுனு குனிய முடியுமாடா? பாய் மட்டும் இறங்கட்டும். புயலே படகைத் திரும்ப இங்க கொண்டுவந்து போடும்.”

அவன் கண்கள் விரிந்தன. வடமேற்குக் காற்று தென்கரைக்குத்தான் தள்ளும். தலையாட்டினான்.

திடீரென்று தெற்குக் காற்று நின்றது.

தண்ணீர் கண்ணாடியானது. புயலுக்கு முன் வரும் அந்த அமைதியில், தூரத்திலிருந்து போரோக்காவின் குரல் முதல்முறையாகக் கேட்டது. அழுதுகொண்டிருந்தாள்.

“போன் பண்ணிட்டேன்! மீட்புப் படகு வர அரை மணி ஆகுமாம்! ஆறு கயிறு இருக்கு கிங்கா! எது?”

கிங்காவுக்குத் தெரியவில்லை. பத்து வருடமாக அந்தப் படகில் ஏறுகிறாள். பாயை இறக்கியது எப்போதும் லோரான்ட். அவன் வாயிலிருந்து கையை எடுத்தாள்.

“சொல்லு. அது மட்டும் சொல்லு.”

“நீலம்!” என்று கத்தினான். “நீலத்துல சிவப்புப் புள்ளி! அதைக் கவ்விட்டிருக்கிற கறுப்புப் பிடியை மேல தூக்கு!”

மலையடியில் ஏரி வெள்ளையாக நுரைத்தது. அந்த வெள்ளைக் கோடு ஓடி வந்தது.

“தூக்கிட்டேன்! வரல!”

“முழுசா தூக்கு!”

பாய் ஒருமுறை நடுங்கிச் சரசரவென்று சரிந்தது.

“உள்ள போ! கதவை மூடு!” கிங்கா கத்தி முடிக்கவில்லை, காற்று அவள் வார்த்தையை வாய்க்குள்ளேயே திருப்பி அடைத்தது.

அதன்பிறகு மழையும் நுரையும்தான். இடுப்பளவு தண்ணீர் மார்பளவு ஆனது. இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு பின்வாங்கினார்கள். வெண்திரைக்குள் மொட்டைப் பாய்மரம் ஒருமுறை தெரிந்தது, மறைந்தது, இன்னும் அருகில் தெரிந்தது. படகு பக்கவாட்டில் உருண்டு வந்து, நாணல் ஓரம் மணலில் மோதிச் சாய்ந்தது.

கிங்கா கதவைப் பிய்த்துத் திறந்தாள். உள்ளே முழங்காலளவு தண்ணீரில், ஊறிக் கரைந்த மாவுக்கட்டோடு, போரோக்கா மேஜைக்காலைக் கட்டிப்பிடித்திருந்தாள். உயிரோடு.

“போரி...”

“நீ ஏன் குதிச்ச?”

“நான்தான் கூப்பிட்டேன், தப்பு என்...” லோரான்ட் தொடங்கினான்.

“உன்ன நான் கேட்கல.” அவள் பார்வை அக்காவை விட்டு அகலவில்லை. “நான் உள்ள இருக்கேன்னு தெரியும்ல? நீ ஏன் குதிச்ச?”

முடி நனையுமா என்று லோரான்ட் கேட்டான், அதனால்தான் என்றா சொல்வது?

கிங்கா திரும்பி முதுகைக் காட்டிக் குனிந்தாள். போரோக்கா கழுத்தைக் கட்டிக்கொண்டு ஏறினாள். கரைவரை அலை இருவரையும் மாறி மாறி அடித்தது. போரோக்கா பிடியைத் தளர்த்தவில்லை. முகத்தை மட்டும் அக்காவிடமிருந்து திருப்பி வைத்திருந்தாள்.