எழுபத்தைந்து ரூபாய்ப் பக்கம்

பழைய இங்கிலீசுப் பத்திரிகைப் படங்களுக்கு விலை என்று ஒன்று கிடையாது. ஆறு வருசம் அவற்றின் பின்னால் அலைந்தவன் சொல்கிறேன். யாழ்ப்பாணம் பெரியகடையில் அப்துல் காதர் ஏலத்தில் எடுக்கும் பழந்தாள்களை நிறுத்துத்தான் தருவார். அவருக்கு அது சீனி சுற்றும் கடுதாசி. அதில் பல மரக்கட்டைகளைப் பொருத்திச் செதுக்கி அச்சடித்த நல்ல படம் ஒன்று இருந்தால், விறாந்தையில் மாட்டுவதற்குக் கோட்டில் வழக்குப் பேசும் ஓர் அப்புக்காத்து இரண்டு ரூபாய் தருவார். அதுவே கொழும்பில் ஐந்து. மகாராணியின் கல்யாணப் படம் முன்பு பத்து ரூபாய்க்குப் போனது. யாரோ அலுமாரி நிறைய வைத்திருந்து விற்றார்கள். ஒரே மாதத்தில் ஒரு ரூபாய்க்கு விழுந்தது. ஓரம் கத்தரித்தால் பாதி விலை. கறை பட்டால் கேட்க ஆளில்லை.

இது வெறும் பைத்தியமாக இருந்தவரைக்கும் நிம்மதியாகத்தான் இருந்தேன். வைகாசியில் என் மனைவி பூரணத்தின் கண்களில் பூ விழத் தொடங்கியது. அவளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. தைக்கு முன்னர் கொழும்புக்குப் போய் வெட்டுவிக்க வேண்டும், பிந்தினால் வெட்டியும் பலனில்லை என்று டாக்குத்தர் சொல்லிவிட்டார். போக, தங்க, வெட்ட, எல்லாமாக நூறு ரூபாய். நான் நீர்வேலியில் பள்ளிக்கூட வாத்தியார், சம்பளம் முப்பத்திரண்டு. தினமும் காலையில் எழுந்ததும், “இண்டைக்கு எப்பிடித் தெரியுது?” என்று கேட்பேன். “நேற்றுப் போலைதான்” என்பாள். அந்த இரண்டு சொல் கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

அப்போதுதான் கொழும்பிலிருந்து ஒரு துரை எழுதினார். இலங்கைப் படங்கள் சேர்ப்பவராம். என்னிடமிருந்த, அரிப்பு என்ற கடற்கரை ஊரின் முத்துக்குளிப்புப் படமுள்ள பக்கம் கறையில்லாமல், ஓரம் முழுசாக இருந்தால் எழுபத்தைந்து ரூபாய். வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணம் றெஸ்ற் ஹவுசுக்கு வருவாராம். கையில் இருபத்தைந்து இருந்தது. கணக்குச் சரியாக வந்ததே எனக்குப் பயமாக இருந்தது. கணக்குச் சரியாக வந்து காரியம் நடந்ததை நான் கண்டதில்லை.

புதன்கிழமை சரசுவதி பூசை. மத்தியானம் றெஸ்ற் ஹவுசில் வேலை செய்யும் கனகலிங்கம் வேர்த்து விறுவிறுத்துச் சைக்கிளில் வந்து இறங்கினார்.

“மாஸ்ரர், துரை இண்டைக்கே வந்திட்டார். பின்னேரம் மெயிலிலை திரும்பிறாராம். அடுத்த கிழமை சீமைக்குக் கப்பல். உடனை வாங்கோ.”

உள்ளே ஓடினேன். மேசை வெறுமையாகக் கிடந்தது. வீட்டிலிருந்த புத்தகம் எல்லாம் சாமியறையில் வெள்ளைத் துணியின் மேல் அடுக்கியிருந்தது. முன்னால் கும்பம். அடுக்கின் உச்சியில் என் படக்கட்டு.

“பூரணம், உந்தப் படங்களை ஏன் எடுத்து வைச்சனீர்?”

“படிக்கிற சாமான் எல்லாம் வைக்கிறதுதானே.”

“துரை வந்திட்டார். இப்ப எடுக்க வேணும்.”

“இஞ்சேருங்கோ, கும்பத்தடியிலை வைச்சதை நாளைக்கு விடியத்தான் எடுக்கிறது. இண்டைக்குத் தொடக்கூடாது.”

“நாளைக்கு அவர் கொழும்பிலை நிப்பார். உம்மடை கண்ணுக்குத்தான் கேக்கிறன்.”

“என்ரை கண்ணுக்குத்தான் நானும் வைச்சனான்” என்றாள். “கட்டிலை மேலை இருந்த அந்தப் பக்கத்துக்கு நாலு மூலையும் மஞ்சளும் பூசினனான். நல்ல விலை போகும்.”

எனக்கு உச்சந்தலை கொதித்தது. நல்ல காரியத்துக்கு எழுதும் கடிதத்துக்கு மூலையில் மஞ்சள் பூசுவோம். அதற்காக எழுபத்தைந்து ரூபாய்ப் படத்துக்குமா? கொஞ்சமாவது யோசித்தாளா? ஆத்திரத்தில் கும்பத்தைச் சுற்றிக் கையை நீட்டிக் கட்டை இழுத்து எடுத்தேன். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள்.

“படத்திலை படேல்லை. வெறும் ஓரத்திலைதான்” என்றாள், கண்ணைத் திறக்காமலே.

கட்டை அவிழ்த்தேன். ஒரு பொட்டு மூலையில் இருந்தது. மற்றது தோணியின் பாயில். இன்னொன்று முத்துக்குளிப்பவன் ஒருவனின் முகத்தை முழுசாக மூடியிருந்தது. நாலாவது, படத்தின் நட்டநடுவில். ஒவ்வொன்றும் விரலால் அழுத்தி, கவனமாக வைத்த பொட்டு.

திட்ட வாயெடுத்தவன் பொட்டுகளை மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இவ்வளவு பெரிய தாளின் ஓரம் தெரியாதவளுக்கு வேறு என்ன தெரியும்? கிணற்றடிக்கு எப்படிப் போய் வருகிறாள்? அடுப்பை எப்படி மூட்டுகிறாள்?

“வடிவாய்த்தானே வைச்சிருக்கு?”

“ஓம்” என்றேன்.

நாற்பத்திரண்டு பக்கங்களையும் தூக்கிக்கொண்டு கனகலிங்கத்தின் சைக்கிள் பாரில் ஏறினேன். வழி முழுக்க மனம் கூட்டிக் கழித்தபடியே வந்தது. துரை முத்துக்குளிப்புப் பக்கத்தை ஒருமுறை பார்த்தார். மஞ்சளை நகத்தால் சுரண்டினார். இரண்டு ரூபாய் என்றார். மற்றவற்றில் ஐந்தாறைப் பொறுக்கி எடுத்து ஒரு விலை சொன்னார். பொறுக்க விடமாட்டேன், எடுத்தால் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும், நூறு ரூபாய் என்றேன். கொழும்பில் அவற்றை இருநூறுக்கு விற்கலாம் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். எழுபத்தெட்டில் வந்து நின்றார். மெயிலுக்கு நேரமாகிறது என்று எழுந்தார். கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது பொழுதுபட்டிருந்தது. கொண்டுபோகும் உடுப்புகளைப் பெட்டியில் வைக்கத் தொடங்கினேன். பூரணம் சுவரைத் தொட்டபடி வாசலில் வந்து நின்றாள். இத்தனை நாளும் அவள் சுவரைத் தொட்டுத்தான் நடந்தாள் என்பது இப்போதுதான் என் மண்டையில் ஏறியது.

“என்ன செய்யிறியள்?”

“நாளைக்குக் காலமைக் கோச்சியிலை கொழும்புக்குப் போறம்.”

“தை வரைக்கும் தவணை இருக்குத்தானே.”

“பூரணம், எப்ப துவக்கம் கண் தெரியேல்லை?”

சுவரிலிருந்து கையை எடுத்தாள். “ஆவணியிலை இருந்து.”

“நேற்றுப் போலைதான் எண்டு சொன்னீரே.”

“அது பொய்யில்லைத்தானே” என்றாள். பிறகு குரலைத் தணித்து, “தெரிஞ்சால் உங்கடை படங்கள் எல்லாத்தையும் வித்துப்போடுவியள். பின்னேரத்திலை ஒவ்வொண்டாய் எடுத்து, இதிலை கட்டை பொருத்தின கோடு தெரியுதோ எண்டு கேப்பியள். நானும் ஓம் தெரியுது எண்டு சொல்லுவன். உங்களுக்கு அதிலை எவ்வளவு சந்தோசம்.”

கையிலிருந்த சேலையைப் பெட்டிக்குள் வைத்தேன்.

“எல்லாத்தையும் வித்துப்போட்டன்” என்றேன்.

அவள் கையை நீட்டி மேசையைத் தேடினாள். கட்டு வழக்கமாக இருக்கும் இடத்தை இரண்டு தரம் தடவிப் பார்த்தாள்.

“அப்ப, எனக்குக் கண் வந்தால் என்னத்தைக் காட்டுவியள்?” என்றாள்.