அரங்கேற்றத்தில் வந்த போன்

வள்ளி கும்மி அரங்கேற்றத்துக்குக் கோபிசெட்டிபாளையத்தில் ஒரு கோயில் திடலில் அறுபது பெண்கள் வட்டமாக நின்றோம். எங்களுக்குப் பாடிச் சொல்லிக்கொடுத்த வேலுமணி ஆசிரியருக்கு அன்றைக்கென்று தொண்டை கட்டிவிட்டது. அவர் எப்போதோ பாடி அனுப்பிய பாட்டு என் போனில் இருந்தது.

மைக்செட்டுக்காரர் சிக்கந்தர், "ஏனுங்கம்மா, அதைய பென்டிரைவ்ல ஏத்திக் குடுங்க. என்ற பிளேயர்ல போட்டுக்கலாம்" என்றார்.

"எதுக்குங்க தம்பி ரெண்டு வேலை? பாட்டு, படம், பேச்சு எல்லாம் இந்தப் போன் ஒண்ணுலயே நடக்குதுங்க. ஒயரை இதுலயே சொருகுங்க" என்றேன்.

மூன்றாவது சுற்றில் பாட்டு நின்று, போன் மணி திடல் முழுக்க அலறியது. நிறுத்தப் போன சிக்கந்தர் பதற்றத்தில் எடுத்துவிட்டார்.

"அம்மா! சக்கரை மாத்திரை போட்டீங்களா? காத்தால லட்டு தின்னீங்கன்னு அண்ணி சொல்றாங்க!" மதுக்கரையில் இருக்கும் என் மகள் இளவேனில்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஆறு மாதம் பழகியது என்னால் கெட்டதே என்று எனக்கு அழுகை முட்டியது. பக்கத்தில் ஆடிய மாரியாத்தாள் கை தட்டுவதை நிறுத்தவேயில்லை.

"அழுகறதை அப்பறம் வெச்சுக்குங்கக்கா, அடி தப்பீரும்" என்றவள், விட்ட இடத்திலிருந்து தானே பாடத் தொடங்கினாள். நானும் பாடினேன். பிறகு அறுபது பேரும். கடைசிச் சுற்றுவரை எங்கள் குரலிலேயே ஆடி முடித்தோம்.

ஆசிரியர் கரகரத்த தொண்டையோடு என்னிடம் வந்தார்.

"அடுத்த வாரம் பவானியில ஆட்டமுங்கம்மா. போனை ஊட்லயே வெச்சுப்போட்டு வாங்க."